ஒரு நாய்க்கு மூணு பேர்: எந்தப் பேர்ல எழுதுறது?

இந்த எபிசோட்ல தெருநாய்களோட மெடிக்கல் ரெக்கார்டு பத்திப் பேசலாம்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அங்க ஒரே நாய் டீக்கடைக்காரருக்கு மணி, சாமியாருக்கு பைரவன், பிஸ்கட் போடுற காலேஜ் பொண்ணுக்கு பிரவுனி. மூணு பேரும் மூணு நாள் அதை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, நோட்டுல மூணு நாய் இருக்கும். "போன வாரமே ஊசி போட்டாச்சு"ன்னு நாய் சொல்லாது. அதோட ஞாபகம் அந்த நோட்டுதான்.

இதுல என்ன ஆபத்து? தெருநாய்களுக்குப் பிறப்புறுப்புல வர்ற ஒரு கட்டி உண்டு, டிவிடின்னு சொல்வாங்க. இனச்சேர்க்கை மூலமா பரவுற புற்றுநோய். வின்கிரிஸ்டின் ஊசியில பெரும்பாலும் குணமாகிடும். ஆனா வாரம் ஒரு ஊசி, பல வாரம் போடணும். டோஸ் எடையைப் பொறுத்தது. அந்த மருந்து வெள்ளை அணுக்களையும் குறைக்கும். மணிக்குத் திங்கட்கிழமை போட்ட ஊசியை, பைரவனுக்கு புதன்கிழமை திரும்பப் போட்டா, நோயைவிட மருந்தே ஆபத்தாகிடும்.

"காதுல வெட்டு இருக்கே, அது அடையாளம் இல்லையா?"ன்னு கேப்பீங்க. கருத்தடை முடிஞ்ச நாய்க்குப் போடுற குறி அது. நம்ம பாஷையில சொன்னா ஒரே ஒரு பிட்: ஆச்சு, இல்ல ஆகல. ரேபிஸ் ஊசி எப்போ போட்டது, அடுத்தது எப்போன்னு அது சொல்லாது. மாட்டுக்கு மாட்டுற காது வில்லையில 12 இலக்க எண் இருக்கு. அந்த எண்ணுக்குப் பின்னாடி தடுப்பூசி விவரத்தை யாராவது பதிஞ்சாதான் அதுக்கும் மதிப்பு.

அதனால முதல் வேலை, ஒரு நாய்க்கு ஒரு நம்பர். பேர் எத்தனை வேணா இருக்கட்டும், எல்லாத்தையும் அந்த நம்பருக்குக் கீழ எழுதிக்கலாம். ரெண்டு பக்கமும் போட்டோ, ஆணா பெண்ணா, உடம்புல இருக்கிற அடையாளம், அன்னைக்கு எடை, கொடுத்த மருந்து, அளவு, அடுத்து வர வேண்டிய தேதி. ஸ்ப்ரெட்ஷீட் இல்லாட்டி நாப்பது பக்க நோட்டு போதும்.

பிடிச்ச இடமும் முக்கியம். கருத்தடை முடிஞ்சதும் நாயை அதே இடத்துல விடணும்னு 2023 விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்லுது. "கிரிவலப் பாதை"ன்னு மட்டும் எழுதினா எங்க போய் விடுறது? பாதையில எட்டு லிங்கம் இருக்கே! "எம லிங்கம் தாண்டி, இடது பக்கம் டீக்கடை"ன்னு எழுதுங்க. வேற ஏரியாவுல விட்டா, அங்க இருக்கிற நாய்ங்க கடிச்சுக் குதறிடும்.

ஒரு எச்சரிக்கை. நாய் கடிச்சா ரெக்கார்டைத் தேடி உட்காராதீங்க. சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவிட்டு, உடனே ஆஸ்பத்திரி போங்க.

அடுத்த தடவை தெருநாயைத் தூக்கிட்டு கிளினிக் போறவங்க, சீட்டை போட்டோ எடுத்து அந்தத் தெருவுல சோறு போடுற எல்லாருக்கும் அனுப்புங்க. மணியும் பிரவுனியும் ஒண்ணுதான்னு டாக்டருக்குத் தெரியாது. உங்க தெருவுக்குத்தான் தெரியும்.