வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ரசிகர்கள்



பல ஆண்டுகளாக ஒரே இணைய விளையாட்டைப் பற்றிக்கொண்டிருப்பது மனிதனை வளர்க்கிறதா, விழுங்குகிறதா? இதுதான் இந்தப் பட்டிமன்றத்தின் வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "திரையில் ஆயிரம் மரம் வெட்டினாயே, ஒரு விறகாவது அடுப்புக்கு வந்ததா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். விறகு வரவில்லை, நடுவர் அவர்களே. வந்தது வேறு. அதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

ரூன்ஸ்கேப் என்றொரு விளையாட்டு. 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவர் என்ற இளைஞர், சகோதரர்களின் துணையோடு கொண்டுவந்தது. அன்று அதற்கு விலையுயர்ந்த கணினி வேண்டியிருக்கவில்லை, பிரவுசர் திறந்தாலே போதுமாக இருந்தது. லம்பிரிட்ஜ் என்ற ஊரில் வெறுங்கையோடு தொடங்கி, மீன் பிடித்து, இரும்பு உருக்கி, மெல்ல மெல்ல டிராகனோடு மோதும் அளவுக்கு உயரலாம். 2012 நவம்பரில், விளையாட்டை நடத்தும் நிறுவனம் அதன் சண்டை முறையையே மாற்றிப்போட்டது. நெடுநாள் ஆடியவர்களுக்கு அது வேறொரு ஊராகிவிட்டது. பலர் வெளியேறினார்கள். பழைய உலகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

2007 ஆகஸ்டில் எடுத்துவைத்த பழைய நகல் ஒன்று நிறுவனத்திடம் இருந்தது. 2013 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்தார்கள். 50,000 வாக்கு விழுந்தால் திறப்போம் என்றார்கள். விழுந்தவை ஏறத்தாழ நான்கரை லட்சம்! அந்த மாதமே அந்த நகல் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற பெயரில் திறந்தது. லாபக் கணக்கு கைவிட்ட ஓர் உலகத்தை, அதை நேசித்தவர்கள் மீட்டெடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாதத்தின் உயிர். பெரிய புதுச் சேர்க்கை எதுவானாலும் ஆடுபவர்களின் வாக்குக்கு வர வேண்டும். பாதிக்கு மேல் கிடைத்தால் போதாது, 75 சதவீதம் வேண்டியிருந்தது. (பின்னாளில் அது 70 ஆனது.) 2015இல், மீன் பிடிப்பதைப் போலக் கப்பலோட்டுவதையும் ஒரு திறனாகச் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். பெரும்பான்மையினர் சரி என்றார்கள். இருந்தும் 75ஐ எட்டவில்லை, கைவிடப்பட்டது. 2019இல் வேறொரு புதுத் திறனுக்கும் அதே கதி. 2023இல் கப்பலோட்டம் மறுபடி வாக்குக்கு வந்து வென்றது. 2025 நவம்பரில்தான் கப்பல் கடலில் இறங்கியது. ஏறக்குறைய பத்து ஆண்டு ஒரு யோசனை காத்திருந்தது!

எதிரணியினர் இவர்களை அடிமைகள் என்றார்கள். அடிமையானவன் ஊற்ற ஊற்றக் குடிப்பான், போதும் என்று கைகாட்ட மாட்டான். இவர்களோ தங்களுக்குப் பிடித்த விளையாட்டில், தங்களுக்காகச் செய்துதரும் புதுமையைக்கூட நிறுத்திவைத்து யோசித்தவர்கள். நேற்று வந்தவருக்கு இது வராது. ஓரிடத்தில் நீண்ட நாள் வாழ்ந்து, அங்கே எது தாங்கும், எது தாங்காது என்று பார்த்தவருக்கே வரும்.

பொறுமையையும் பாருங்கள். ஓல்டு ஸ்கூலில் ஒரு திறனின் உச்சம் 99ஆம் நிலை. அதற்கு 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92ஆம் நிலையை எட்டியவர் கிட்டத்தட்ட முடித்துவிட்டார் என்று வெளியே இருப்பவர் நினைப்பார். புள்ளிக் கணக்கில் அதுதான் பாதி வழி! அதை அறிந்தே மீதிப் பாதியையும் நடக்கிறார்கள். ஒருவர் 99ஐத் தொடும்போது பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர் வாழ்த்துகிறார். மனம் நிறைந்து சொல்கிறேன், பிறர் உழைப்பின் அளவு தெரிந்தவர்தான் அப்படி வாழ்த்த முடியும்.

இந்த உலகின் ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு பாதையையும் எழுதிவைத்த ஒரு விக்கி இருக்கிறது. சம்பளம் வாங்காத ரசிகர்கள் திருத்தித் திருத்தி வளர்த்தது. 2018இல் அதை ஒரு வணிகத் தளத்திலிருந்து பெயர்த்தெடுத்துத் தனியாக நிறுவிக்கொண்டார்கள். நேரம் வீணாயிற்று என்கிறீர்களே, அந்த நேரம் அடுத்து வருபவருக்குப் பயன்படும் அறிவாக அங்கே நிற்கிறது.

தூக்கத்தையும் படிப்பையும் பறிகொடுத்தவர்கள் உண்டு. அவர்களுக்கு உதவி வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் விளையாட்டுக் கோளாறு என்று எதைச் சொல்கிறது? ஆட்டத்தின் மீது கட்டுப்பாட்டை இழந்து, வாழ்க்கையின் மற்ற வேலைகள் சீர்குலைவதை. எத்தனை ஆண்டாக ஒரு விளையாட்டைப் பிடித்திருக்கிறது என்பது அங்கே அளவுகோலே அல்ல. எதிரணியினர் நோயையும் நேசத்தையும் ஒரே தட்டில் போட்டு நிறுத்தப் பார்க்கிறார்கள். தீர்ப்பு எழுதும் தாங்கள் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்: தனக்குப் பிடித்த விளையாட்டில் புதிதாக வருவதை வேண்டாம் என்று 2015இல் வாக்களித்துத் தடுத்தவர்களை, அந்த விளையாட்டு எப்படி விழுங்கியது?