தெள்ளுப்பூச்சிக்கு ஒரு நன்றி

நாய் மேல தெள்ளுப்பூச்சி பார்த்திருப்பீங்க. கடிச்சா, சொறிஞ்சு மாளாது. அந்தத் தெள்ளுப்பூச்சிக்காக ஒரு அம்மா கடவுளுக்கு நன்றி சொன்னாங்க.

நெதர்லாந்துல, ஹார்லெம் ஊர்ல, கடிகாரக் கடைக் குடும்பம். கோரி டென் பூம், அவங்க அக்கா பெட்சி. யூதர்களை வீட்டுல ஒளிச்சு வச்சாங்க. 1944-ல நாஜிகள் பிடிச்சுட்டாங்க. கடைசியில ராவன்ஸ்பிரூக் முகாம், ஜெர்மனியில. கோரி ஒரு பைபிளை உடைக்குள்ள மறைச்சுக் கொண்டுபோயிட்டாங்க.

கொட்டடியில கால் வச்சதும் தெள்ளுப்பூச்சி மொய்க்குது. அக்கா சொல்றாங்க, "எல்லாத்துக்கும் நன்றி சொல்லுன்னு வேதத்துல இருக்கே, இதுக்கும் சொல்லு." தங்கச்சிக்கு மனசே வரலை. யாருக்குத்தான் வரும்? அக்காவுக்காகச் சொல்லிவச்சாங்க, அவ்வளவுதான்.

ராத்திரியில மங்கலான பல்பு வெளிச்சம். கோரியோ பெட்சியோ அந்த பைபிளை டச்சு மொழியில படிச்சு, ஜெர்மன்ல சொல்வாங்க. அதை ஒருத்தி பிரெஞ்சுல சொல்வா, இன்னொருத்தி போலிஷ்ல. கிசுகிசுன்னு கடைசிப் பலகைப் படுக்கை வரைக்கும் போகும். காவல்காரங்க யாரும் உள்ளே வரலை. ஏன்னு புரியலை.

ஒருநாள் அங்கே காலுறை பின்னுறவங்களுக்குள்ள அளவுல தகராறு. மேற்பார்வைக்காரியைக் கூப்பிட்டாங்க. அவ வாசல்லயே நின்னுட்டா. காவல்காரங்களும் உள்ளே வரமாட்டாங்களாம். ஏன்? தெள்ளுப்பூச்சி!

அந்த டிசம்பர்ல பெட்சி முகாம்லயே இறந்துட்டாங்க. சில நாள்ல கோரிக்கு விடுதலை. அப்புறம் நாடு நாடாப் போய்ப் பேசினாங்க. போன இடத்துல எல்லாம் அக்கா கதைதான். கூடவே இந்தத் தெள்ளுப்பூச்சியும்.