கோடு போட்டுப் பாருங்கள்

(உத்தனப்பள்ளிப் பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நான் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்க வரவில்லை. கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, கொடுக்கிறவனுக்கு என்ன வேண்டும் என்கிற சங்கதியை மாத்திரம் சொல்ல வந்தேன்.

உண்டியலில் ஒரு ரூபாய் போடுகிற பக்தன்கூட, வழக்கு ஜெயிக்க வேண்டும் என்று வரம் கேட்டுத்தான் போடுகிறான். பேசாத கல்லுக்குப் போடுகிறவனே இப்படியென்றால், சட்டம் செய்கிற கட்சிக்குக் கோடிக்கணக்காய்க் கொட்டுகிற முதலாளி சும்மாவா கொட்டுவான்?

2018-இல் இந்திய சர்க்கார் தேர்தல் பத்திரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஸ்டேட் பாங்கியில் பணம் கட்டிப் பத்திரம் வாங்கி, இஷ்டப்பட்ட கட்சிக்குக் கொடுக்கலாம். அதில் கொடுத்தவன் பேர் இராது. ஆனால் புற ஊதா வெளிச்சத்தில் மாத்திரம் தெரிகிற ஓர் எண் இருந்தது! பாங்கிக்குத் தெரியலாம்; ஓட்டுப் போடுகிற உங்களுக்குத் தெரியக் கூடாது. லாபத்தில் 7.5 சதவிகிதத்துக்கு மேல் கம்பெனிகள் கொடுக்கக் கூடாதென்ற வரம்பையும் முந்தின வருஷமே எடுத்துவிட்டார்கள். நஷ்டக் கம்பெனியும் கொடுக்கலாமாம்! அப்படியானால் அது யார் வீட்டுப் பணம்?

2024 பிப்ரவரி 15-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஒருமுகமாய், இது செல்லாது, விவரத்தை வெளியிடு என்றார்கள். பாங்கி ஜூன் 30 வரை வாய்தா கேட்டது. கோர்ட்டு மறுத்தது. மார்ச்சு 14-இல் இரண்டு ஜாபிதாக்கள் வந்தன. ஒன்றில் கொடுத்தவர்கள், மற்றதில் வாங்கினவர்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்கிற கோடு மாத்திரம் இல்லை. கோர்ட்டு மறுபடியும் கண்டித்த பிறகே 21-இல் எண்கள் வெளிவந்தன. எண்ணோடு எண்ணைச் சேர்த்துப் பலர் கோடு போட்டுப் படமாகவே வரைந்துவிட்டார்கள்.

அந்தப் படத்தில் என்ன தெரிந்தது? 2019 ஏப்ரல் முதல் பாரதிய ஜனதா மாற்றிக் கொண்டது 6,000 கோடிக்கு மேல். எல்லாரையும்விட அதிகமாய் 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கினது, லாட்டரி வியாபாரம் செய்யும் பியூச்சர் கேமிங் கம்பெனி. அதிலிருந்து ஒரு கோடு திரிணாமுல் காங்கிரசுக்கு, 542 கோடி. இன்னொரு கோடு திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு, 500 கோடிக்கு மேல். கழகம் பத்திரத்தில் வாங்கினதே மொத்தம் 656 கோடிதான். இத்தனைக்கும் தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி கூடாது! கொடுத்தவன் பேரைக் கழகம் தானே வெளியிட்டதென்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வேண்டியவர்களாயிற்றே என்று நாம் இதை மறைத்தால், நமக்கும் பூசாரிக்கும் என்ன வித்தியாசம்?

கோடு ஒன்றே குற்றத்துக்கு ருஜுவாகாது. அது கேள்வி கேட்பதற்கு இடம். பணம் கொடுத்த தேதி எது, காண்ட்ராக்டு கிடைத்த தேதி எது, சோதனை வந்த தேதி எது என்று கோட்டின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

தோழர்களே! இந்த வட்டாரத்தில்தான் 2023-இல் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் போராடினார்கள். நாளை எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு நிலம் என்று தீர்மானிக்கிற கட்சிக்கு, யார் யார் பணம் கொடுத்தார் என்பது நிலத்துக்காரனுக்குத் தெரிய வேண்டாமா? பத்திரம் போய்விட்டது, பணம் போகவில்லை. 20,000 ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடைக்கு இன்றும் பேர் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டுக் கேட்டு எவர் வந்தாலும், எந்தக் கொடி பிடித்து வந்தாலும், "உங்கள் கணக்கைக் காட்டுங்கள்" என்று முதலில் கேளுங்கள். காட்ட மறுக்கிறவனுக்கு ஓட்டு எதற்கு?