ஏரிக்கரையில் எல்லோருக்கும் வழி
(வரதராஜன்பேட்டையில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஆற்றிய உரை)



முந்திரித் தோப்புகள் சூழ்ந்த இவ்வூரில் நின்றுகொண்டு, மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள ஓர் ஏரியைப் பற்றி நாம் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். கரைவெட்டி ஏரி அரியலூர் மாவட்டத்தார் அனைவருக்கும் உரிய செல்வமாகும். பாசனத்திற்கென அமைந்த அவ்வேரி, மேட்டூர் அணையின் நீரைப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே பெறுகிறது. பரப்பு சுமார் 454 ஹெக்டேர். பறவைகள் சரணாலயமாக விளங்கும் அது, 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971-ஆம் ஆண்டு கையெழுத்தான உடன்படிக்கையின் பெயரால் வழங்குவது அப்பட்டியல். ஏரி நீரை உழவர் பயன்படுத்தலாகாது என்று அவ்வுடன்படிக்கை கூறவில்லை. அறிவோடு பயன்படுத்துக என்றே கூறுகிறது.

குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயமலையைக் கடந்து அங்கு வந்து சேருகின்றன. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை எனப் பலவும் வருகின்றன. ஆனால் கோலூன்றி நடக்கும் முதியவரும், சக்கர நாற்காலியில் வரும் இளைஞரும் கரைமேல் ஏறி அவற்றைக் காண வழியுண்டா? எந்த ஏரியாயினும் பாதை அமைக்கும்போது இக்கேள்வியையே நாம் முதலில் கேட்க வேண்டும். பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டுவனவாயிருத்தல் வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கமுமாகும்.

செலவு மிகுந்துவிடுமே என்று அஞ்ச வேண்டுவதில்லை. கணக்கறிந்து செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சக்கர நாற்காலி ஏறும் சரிவு, 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளமாவது இருத்தல் வேண்டும். கரையின் உயரம் 9 அடியானால் 108 அடி நீளம் தேவை. இடையிடையே இளைப்பாறச் சமதளமும் தேவை. இவ்வளவு நீளத்தைக் கரைக்குக் குறுக்கே கொண்டுபோக இயலாது. ஆகவே கரையின் வெளிப்புறத்தில், கரையை ஒட்டியே மண்ணிட்டு இறுக்கி, பக்கவாட்டில் ஏற்றிச் செல்ல வேண்டும். கரையை வெட்டிச் சரிவு அமைப்பது கூடவே கூடாது. வெட்டிய இடம் அடைமழையில் என்னவாகும் என்பதை உழவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை!

பாதையின் அகலம் 4 அடியாவது இருக்கட்டும். இரு நாற்காலிகள் எதிரெதிரே வருமிடத்தில் 6 அடி வேண்டும். செம்மண்ணும் சரளையும் கலந்து நீர் தெளித்து இறுக்கி, நடுவைச் சற்றே உயர்த்தினால் மழைநீர் தேங்காது. சிமெண்டுத் தளத்தை நாம் அவ்வளவாக விரும்புவதில்லை. வெயிலில் அது கொதிக்கும். கரை இறங்கினால் பிளக்கும். மோட்டார் வண்டிகளைத் தடுக்கச் சிலர் கற்களை நெருக்கமாக நட்டுவிடுகின்றனர். அதனால் தடைபடுவது பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். கற்களுக்கிடையே 3 அடி இடைவெளி விட வேண்டும். பறவை காணும் மறைவுத் தட்டியிலும் மூன்றரை அடி உயரத்தில் ஒரு திறப்பு வைத்தால், அமர்ந்திருப்பவரும் குழந்தைகளும் காண்பர். படியேறும் கோபுரம் ஒன்றைக் கட்டிவிட்டு வசதி செய்தாயிற்று என்று இருந்துவிடலாகாது.

பாதை வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பறவை போகும் என்று சிலர் கூறுவர். அது தள்ளத்தக்க வாதமன்று. ஆகையால் ஏரியைச் சுற்றிலும் பாதை வேண்டாம். ஒரு பக்கம் போதும். மின்விளக்கும் ஒலிபெருக்கியும் வேண்டவே வேண்டாம். சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகளை எண்ணித் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அத்தகைய கட்டுப்பாட்டை ஊராரே ஏற்றுக்கொண்டால் பாதையால் தீங்கு நேராது.

வேலைக்கு உகந்த காலம், நீர் வற்றிப் பறவைகள் திரும்பிய கோடையே. சரணாலயத்தினுள் எனில் வனத்துறையின் அனுமதி முன்னதாகவே பெற வேண்டும். உங்கள் ஊர் ஏரியானால், அது எத்துறையின் பொறுப்பிலுள்ளது என்பதறிந்து அத்துறையின் இசைவைப் பெறுக.

அதற்கு முன்பு ஒன்று செய்யுங்கள். கோலூன்றி நடக்கும் ஒருவரையும் சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு கரைக்குச் செல்லுங்கள். அவர்கள் நின்றுவிடும் இடங்களிலெல்லாம் முளையடித்து, அளந்து, குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பைக் கொண்டே மதிப்பீடு தயாரிக்கலாம்.