ஒருவகை மரம்



செட்டிபாளையத்தில் என்னிடம் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி, கம்பராமாயணப் பாடத்தின்போது, "சேர், இராமன் ஓரம்பால் துளைத்த மராமரம் எது?" என்று கேட்டாள். "ஒருவகை மரம்" என்றேன். தமிழாசிரியர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் விடை அது. அவள் விடவில்லை. "விகாரைகளிலே நிற்கும் சல் மரமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

மராமரத்தைச் சாலம், ஆச்சா என்றும் கூறுவர். அது இந்தியக் காட்டு மரம். இங்கே விகாரைகளில் 'சல்' எனப் போற்றப்படுவதோ நாகலிங்க மரம், தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டுக்கும் பெயரளவிலேதான் உறவு.

சாலத்தின் உண்மையான உறவினர் நமது ஈரவலயக் காடுகளில் வாழ்கின்றனர். காய்க்குச் சிறகு முளைக்கும் குடும்பம் அது. ஹோரா மரத்தின் காய்க்கு இரண்டு நீண்ட சிறகுகள். குங்கிலியக்கலய நாயனார் தாலியை விற்று வாங்கிய குங்கிலியமும் இக்குடும்பத்து மரங்களின் பிசினே. இலங்கையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஏறத்தாழ அனைத்தும் வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வளராதவை.

இவற்றுள் 'துன்' மரங்களுக்கு, பேராதனைப் பூங்காவில் பணியாற்றிய துவெயிட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் அச்சிங்களப் பெயரைக்கொண்டே 'டூனா' என்று பெயரிட்டார். பின்னர் அஷ்டன் என்ற அறிஞர் அவற்றைச் சாலத்தின் பேரினமான 'ஷோரியா'வில் சேர்த்தார். 2022இல் அவரே இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து மீண்டும் பிரித்து, பழைய பெயரை நிலைநாட்டினார். பிழையென்று கண்டதைத் தாமே திருத்துவது புலமைக்கு அழகு.

ஏட்டிலுள்ள பெயரை இப்படித் திருத்தலாம். காட்டை அவ்வாறு திருத்த இயலாது. நெல்லைப்போல உலர்த்திக் களஞ்சியத்தில் சேமிக்கக்கூடியதன்று இம்மழைக்காட்டு மரங்களின் விதை. உலர்ந்தால் இறந்துவிடும். விழுந்த சில நாட்களிலேயே ஈரமண்ணில் முளைத்தாக வேண்டும். ஆகவே காடுதான் அதன் களஞ்சியம்.

1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜவனத்தில் மரங்கள் தறிக்கப்பட்டன. மக்கள் எதிர்த்தனர், 1977இல் தறிப்பு நின்றது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. ஆயினும் காட்டின் விளிம்புகளில் சிறுசிறு துண்டுகளாய் எஞ்சியுள்ள காடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சில இனங்கள் அத்தகைய துண்டுகளை நம்பியே வாழ்கின்றன.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவிக்கு விடை சொன்னேன். 'ஒருவகை மரம்' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு, ஒரு வகை அழிந்தாலும் தெரியாது.