கரிசல் காட்டுக் கதைசொல்லி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பந்தி தயாராகிக்கொண்டிருக்கிறது. வாசனை எனக்கும் வருகிறது. சுருக்கமாகப் பேசிவிடுகிறேன்.

கி. ராஜநாராயணனைப் பற்றிப் பேசப் போகிறேன். பெரம்பலூர், அரியலூர்க்காரர்களிடம் வந்து கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரரைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்காதீர்கள். நம்ம பக்கமும் நிறையக் கரிசல்தானே! மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது; கோடையில் வெடித்துக் கிடக்கும். அதே மண், அதே பருத்தி.

அந்த மனுஷர் கை வைக்காத காரியம் குறைவு. பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. விவசாயம் பார்த்தார். சங்கீதப் பித்துப் பிடித்து விளாத்திகுளம் சுவாமிகள் பாட்டுக்கு மயங்கிக் கிடந்தார். கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து விவசாயிகள் போராட்டத்துக்காக ஜெயிலுக்கும் போனார். நண்பர்களுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். இவரும் கு. அழகிரிசாமியும் ஒரே ஊர். இவருடைய கதை அச்சில் வந்தது 1950களின் கடைசியில்தான். அதற்குள் முப்பது வயதைத் தாண்டிவிட்டார். தம்பிகளே, அவசரமே இல்லை!

'கதவு' என்று ஒரு கதை. பிள்ளைகள் வீட்டுக் கதவைப் பஸ்ஸாக்கி, டிக்கெட் கொடுத்து விளையாடும். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே தலையாரி கழற்றிக்கொண்டு போய்விடுவார். தீர்வை கட்ட முடியாத வீட்டின் கஷ்டத்தை இதைவிடச் சொல்ல முடியுமா? எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது அவருடைய கதைகளைக்கூட இல்லை. 1982இல் வந்த 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யைத்தான். பட்டம் பெற்ற நாமெல்லாம் செய்யாததை, ஒரு சம்சாரி நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு செய்தார். நாட்டுப்புறக் கதைகளையும் விடவில்லை. கெட்ட வார்த்தைக் கதைகளையும் சேர்த்துத்தான்! முகம் சுளித்தவர்களும் ஒளித்து வைத்துப் படித்தார்கள். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியராக உட்கார வைத்தது. 1991இல் 'கோபல்லபுரத்து மக்க'ளுக்கு சாகித்ய அகாதமி விருது. 2021 மே 17இல் புதுச்சேரியில் காலமானார்.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். அவர்கள் 'கமலை' என்பதை எங்கள் வீட்டில் 'கவலை' என்போம். மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது. "எங்க தாத்தா கவலை ஓட்டினாரு" என்று வகுப்பில் சொன்னால், "என்ன கவலைங்க சார்?" என்று கேட்கிறார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. மோட்டார் வந்தது, கவலை போனது. கூடவே சால், வடம், வால்கயிறு எல்லாம் போய்விட்டன. சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டிய நிலத்தில் காட்டுப் பெயர்களும் சேர்ந்தே போகின்றன. 'இந்தக் காட்டுக்கு ஏன் இந்தப் பேரு?' என்று கேட்டால் கதையோடு பதில் சொல்ல இன்னும் சில பெரியவர்கள் திண்ணையில் இருக்கிறார்கள். எத்தனை வருஷத்துக்கு?

அடுத்த மலரில் நம்ம வட்டாரச் சொற்களுக்கு நாலு பக்கம் கேட்டிருக்கிறேன். "விளம்பரத்தைப் பொறுத்துப் பார்க்கலாம்" என்றார் செயலாளர். அவர் பார்க்கட்டும். வாசல் மேசையில் வெற்று அட்டைகள் வைத்திருக்கிறேன். சாப்பிட்டுப் போகும்போது ஆளுக்குப் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். சொல், பொருள், சொன்னவர் ஊர், அவ்வளவுதான். பாட்டி வீட்டுக்கு முதலில் போங்கள்.