மக்கள் தொடர்பு ஆலோசகர் தொழில்



மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்ட நாம், அதற்கு அண்டை வீடு போன்ற மற்றொரு தொழிலைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறோம். அதுவே மக்கள் தொடர்பு ஆலோசகர் தொழில். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர் பலருக்கு மூன்று மொழிகள் கைவந்திருக்கின்றன. சம்பளத்துக்கு அமராமல் இத்தொழிலைத் தாமே நடத்தலாம் என்று அவர்களிற் சிலர் எண்ணுவது இயல்பே.

விளம்பரம் வேறு, மக்கள் தொடர்பு வேறு. முன்னது விலை கொடுத்து இடம் வாங்குவது. பின்னதோ, நிறுவனத்தின் செய்தியைப் பொதுமக்களுக்குச் சொல்வதோடு, பொதுமக்களின் மனக்குறையை நிறுவனத்தின் காதிலும் போடுவது. அமெரிக்கரான ஐவி லீ 1906இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், தம் பணி ஒளிவுமறைவற்றது என்றும், எந்தச் செய்தியையும் பத்திரிகையாசிரியர்கள் சரிபார்க்கத் தாம் உதவுவதாகவும் தெரிவித்தார். நம் நாட்டில் 1958இல் தோன்றிய இந்திய மக்கள் தொடர்புச் சங்கமும், 1968 ஏப்ரல் 21 அன்று டில்லி மாநாட்டில் ஓர் ஒழுக்க நெறியை ஏற்றுக்கொண்டது.

மொழியறிவு இத்தொழிலுக்குப் பெருந்துணை. ஆனால் அரைகுறை அறிவு ஆபத்து. தவறு கண்ட ஆலை, அதைத் திருத்தச் சிறிது ‘அவகாசம்’ கேட்பதாக வைத்துக்கொள்வோம். அச்சொல்லை அப்படியே இந்தியில் எழுதினால், ஆலை விடுமுறை கேட்பதாகப் பொருள்படும். ஊரார் கோபம் இருமடங்காகும்.

இனி, இத்தொழிலின் கடினமான பகுதிக்கு வருவோம். ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர் ஊர்க் கிணற்றில் கலக்கிறது. ‘செய்தி வெளிவராமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார் முதலாளி. ‘கலப்பதை உடனே நிறுத்துங்கள், குடிநீருக்கு ஏற்பாடு செய்யுங்கள், நடந்ததை நீங்களே அறிவியுங்கள்’ என்பதே ஆலோசகர் கூற வேண்டிய மொழி. முதலாளி இசையாவிடில் விலகிவிட வேண்டும். ஆனால் ஆலோசகரின் வருமானத்திற் பாதி அந்த ஒருவரிடமிருந்தே வருகிறதென்றால், விலக நா எழுமா? வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கண்முன் நிற்கும். அப்போது வாய்மை தோற்கும். கிணற்று நீரை ஊரார் பருகிக்கொண்டே இருப்பர்.

ஆகையால் இத்தொழிலில் நேர்மை கணக்குப் புத்தகத்திலேயே தொடங்குகிறது. ஆறு மாதக் குடும்பச் செலவைக் கையிருப்பாக வைத்த பின்னரே இறங்குவது நலம். எவர் ஒருவரையும் நம்பியே பிழைக்கலாகாது. செய்ய வேண்டிய வேலை, மாதக் கட்டணம், தனியே பெற வேண்டிய அச்சு, பயணச் செலவுகள், விலகுவதற்கான முன்னறிவிப்பு ஆகிய யாவும் எழுத்தில் இருக்க வேண்டும். பத்திரிகையில் வரவழைப்பதாக வாக்களிக்கக் கூடாது. அது ஆசிரியரின் உரிமை. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால், பெரும்பாலான மாநிலங்களில் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். உத்யம் பதிவும் செய்துகொள்க. 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பதிவு பெற்றவருக்குரிய தொகையை, வேலையை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் கடத்தலாகாது. கடத்தினால் கூட்டு வட்டி உண்டு.

சுயதொழில் என்றால் மேலதிகாரி இல்லாத தொழில் என்று பலர் எண்ணுகின்றனர். ‘இதை நான் செய்யமாட்டேன்’ என்று சொல்லக்கூடிய நிலையே உண்மையான சுயதொழில். அந்நிலையை முதலில் தேடிக்கொண்டு, பிறகு பெயர்ப்பலகை மாட்டுவோமாக.